பாத்ரூம் அலமாரியில் காணாமல் போன எழுத்து

கடையில் வாங்கிய புத்தம்புது அலமாரிக்கு மறுபடியும் பெயிண்ட் அடிப்பதுதான் என் பிழைப்பு என்று சொன்னால், கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். என் கூட்டாளி பாஷா பாய் வாணியம்பாடிக்காரர். திருப்பத்தூரில் அலமாரி எடுத்து, வேனில் மலையேற்றி, பாத்ரூம் சுவரில் ஓட்டை போட்டு மாட்டுவது அவர் பாடு. தேய்ப்பது, அடிப்பது, தட்டில் பெயர் எழுதுவது, பிறகு வீட்டுக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது என் பாடு. ஒரு தடவையாவது உங்கள் வீட்டு அலமாரிக்கு நீங்களே பிரஷ் பிடித்திருந்தால், நீங்களும் நம்ம கட்சிதான்.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அடுத்தவர் பாத்ரூம் அலமாரியில் என்ன வைக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஊதிப்போன அடிப்பலகை

இந்த அலமாரிகள் பார்க்க மரம் மாதிரி இருக்கும். உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. கீழே சமவெளியில் பிழைத்துக்கொள்ளும். ஜவ்வாதுமலை மூடுபனிக்கும் மழைக்கும் ஒரே மாசத்தில் ஊதிவிடும். அதனால்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் கொடுத்து, இரண்டு கோட்டு எனாமல் அடிக்கிறோம். ஆரம்பத்தில் முன்பக்கத்தை மட்டும் பளபளவென்று அடித்தேன். குனிந்து பார்த்தால்தானே தெரியும் என்று அடிப்பலகையை விட்டுவிட்டேன்.

அப்படி மாட்டிக்கொண்டது ஜமுனாமரத்தூர் பக்கத்தில் சாமை பயிரிடும் ஒருவர் வீட்டில். அவர் வீட்டில் ஓடு ஒழுகும், புதிதாய்க் கட்டிய பாத்ரூமுக்கு மட்டும்தான் சிமெண்ட் கூரை. அதனால் பட்டா, ரேஷன் கார்டு, பையனின் மார்க் ஷீட் எல்லாம் பாத்ரூம் அலமாரிக்குள்தான் இருந்தன. மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். அடிப்பலகை பன் மாதிரி உப்பி, கதவு திறக்கவே மாட்டேன் என்றது. காகிதங்கள் நல்லவேளையாக மேல்தட்டில் தப்பித்திருந்தன. மனிதர் கோபப்படவே இல்லை. அலமாரியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாம்மா இது, சாமைய வேக வெச்சாக்கூட இவ்ளோ ஊதாதே?"

கண்ணாடி வேணாம்

காவலூர் ரேவதி டீச்சர் கேட்டது வேறு மாதிரி. வெள்ளை அலமாரி வேண்டும், ஆனால் கதவில் இருக்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பலகை போட வேண்டும். கண்ணாடிக்காகவே சனங்கள் அந்த அலமாரியை வாங்கும்போது இவர் மட்டும் ஏன் இப்படி என்று எனக்கு அரித்தது. டீச்சரே சொன்னார். அவர் வீட்டுக்காரர் குமரேசனுக்கு வானாய்வகத்தில் வேலை. புதிதாக ராத்திரி டூட்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். அவருக்குக் கண்ணில் ஒரு கோளாறு. நேரம் தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும், அப்போதுதான் பார்வை நிலைக்கும். குவார்ட்டர்ஸ் பக்கத்திலேயே இருப்பதால், வேலைக்கு நடுவில் வந்து விட்டுவிட்டுப் போவார். காதுக்கும் ஒரு சொட்டு மருந்து உண்டு. இரண்டு புட்டியும் ஒரே அளவு, ஒரே மூடி. மாறிப்போனால் வம்பு.

கண்ணாடி வேண்டாம் என்றது கண் கூசும் என்பதற்காக. நோயால் கூசுகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். உள்தட்டு இரண்டிலும் வெள்ளை அடித்து, ஆபத்தான விஷயமாயிற்றே என்று நல்ல சிவப்பில் 'கண்', 'காது' என்று விரல் நீளத்துக்கு எழுதினேன். அந்தப் பாத்ரூமில் சாதா டியூப் லைட்டோடு ஒரு சிவப்பு பல்பும் இருந்தது. ஏதோ அழகுக்கு என்று நினைத்து, உலகத்துக் கேள்வியெல்லாம் கேட்கும் நான் அதை மட்டும் கேட்காமல் விட்டேன். பாஷா பாய் அலமாரியை மாட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்: "ஷோக்கா கீது தங்கச்சி. மலைக்குக் கீழ போளூர் ஸ்டேஷன்ல நின்னாக்கூட படிச்சிடலாம்."

பகலில் உண்டு, ராத்திரி இல்லை

பதினைந்து நாள் கழித்து டீச்சர் போன் செய்தார். "செல்வி, நீ எழுதுனது ராத்திரியானா தெர்லயாம். கொஞ்சம் வர்றியா?" பெயிண்ட் உரிந்துவிட்டதோ என்று பதறிக்கொண்டு காலை பஸ்ஸில் போனேன். எழுத்து அப்படியேதான் இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அசையவில்லை.

டீச்சர் என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனார். ராத்திரி டூட்டி முடித்த குமரேசன் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். டீச்சர் குரலைத் தாழ்த்தினார். முதல் நாள் தட்டு வெறும் வெள்ளையாய்த் தெரிந்திருக்கிறது. எது எந்தப் புட்டி என்று புரியாமல், கண்ணுக்கு விடாமலே திரும்பிப் போயிருக்கிறார். அடுத்து வந்த ராத்திரிகளிலும் அப்படியே. பகலில் பார்த்தால் எழுத்து இருக்கிறது, மருந்தும் விட்டுக்கொள்கிறார். மருந்து வேலை செய்யவில்லை, ராத்திரிப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று அவரே தீர்மானித்துவிட்டார். வேறு வேலைக்கு எழுதிக் கொடுக்கத் தாள்கூட எடுத்து வைத்திருந்தார். டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்: "ராத்திரியில கண்ணு தெரியாத ஆளை அங்க இன்னாத்துக்கு செல்வி வெச்சிக்குவாங்க?"

கதவைச் சாத்தினேன்

அவருக்குத் தெரிகிறபடியே நாமும் பார்த்தால் என்ன என்று தோன்றியது. "ராத்திரி எந்த லைட்டு போடுவாரு?" என்று கேட்டேன். சிவப்பு பல்புதானாம். வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு இருட்டுக்குள் திரும்பினால் கொஞ்ச நேரத்துக்குக் கண் தெரியாது, வேலை கெட்டுவிடும் என்பதற்காக அது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னதும் அதற்குத்தான்.

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஜன்னலைத் துண்டால் அடைத்து, சிவப்பு பல்பைப் போட்டேன். அலமாரியைத் திறந்தால் எழுத்தைக் காணோம்! துடைத்து வைத்த மாதிரி தட்டு. எனக்கும் கண் போய்விட்டதோ என்று இரண்டு கண்ணையும் கசக்கிப் பார்த்தேன். காதில் செருகியிருந்த பென்சிலால் பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். அது கறுப்பாய், தெளிவாய்த் தெரிந்தது. பாத்ரூம் கதவைத் திறந்ததும் சிவப்பு எழுத்து பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. மூடினேன், போனது. திறந்தேன், வந்தது.

"டீச்சர்!" என்று நான் போட்ட சத்தத்தில் குமரேசனே எழுந்து வந்துவிட்டார். மூன்று பேரும் அந்தச் சின்ன பாத்ரூமுக்குள் நெருக்கியடித்து நின்று, கதவை மூடி மூடித் திறந்தோம். சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளையும் சிவப்பும் ஒன்றாகிவிடுகின்றன என்று அப்போதுதான் உறைத்தது. குமரேசன் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் வேலை செய்யும் இடத்திலும் ராத்திரி சிவப்பு விளக்குதான். அங்கே எழுதக் கறுப்புப் பேனாதான் கொடுப்பார்களாம், ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "அப்ப என் கண்ணு போவலையா?" என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டார். "உங்களுக்கு தெரியாதது எனக்கும்தாங்க தெர்ல" என்றேன். டாக்டரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அடுத்த வாரமே போனார், பார்வை அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்களாம். அன்றைக்கு நானோ அசடு வழிய மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கறுப்பு டப்பாவைத் தேடினேன். டீச்சர் சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். பிறகு என் பெயிண்ட் கையையே பிடித்துக்கொண்டார்: "நீ தப்பா எழுதுனதுக்கு சாமிக்குப் பொங்கல் வெக்கணும் செல்வி!"

இப்போதெல்லாம் எந்த வீட்டுப் பாத்ரூமுக்குள் நுழைந்தாலும் கரண்டு ஆபீஸ்காரி மாதிரி முதலில் பல்பைத்தான் பார்க்கிறேன் என்றாலும், செய்த வேலை தப்பென்று தெரிந்து ஒரு பெயிண்டருக்கு வயிறு குளிர்ந்தது இந்த மலையில் அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும்.