ராகு காலத்துக்குத் தப்பிய ஹெட்லைட்

விழுப்புரம் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்து பதினெட்டு வருஷமாகியிருந்தது ஜோதிலிங்கத்துக்கு. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் கார் கழுவுவார், மங்கிய ஹெட்லைட்டைத் தேய்த்துத் தெளிய வைப்பார். ஆளைவிட வண்டியைத்தான் முதலில் பார்ப்பார். செக்‌ஷன் ஆபீசர் இராஜமாணிக்கத்தின் காரைப் பார்த்த அன்றே ஆள் எப்படி என்று தெரிந்துபோயிற்று. வாங்கி ஆறு வருஷமாகியும் சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. பத்தடியில் வேப்பமர நிழல் இருந்தும், காக்கை எச்சமிடும் என்று நாள் முழுக்க வெயிலில் நிறுத்துவார். ஹெட்லைட் இரண்டும் காமாலைக் கண்ணாக மஞ்சளித்துக் கிடந்தன.

2004 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை காலை வேலை ஆரம்பமானது. ஒரு விளக்கில் பூச்சு காய்ந்ததைக் கண்ணால் பார்க்காமல் அடுத்ததில் பூச மாட்டார் ஜோதிலிங்கம். இரண்டையும் வாட்டர் பேப்பரால் தேய்த்து, பாலிஷ் போட்டு, வலப்பக்கத்துக்கு வெயில் தாங்கும் லாக்கர் பூச்சு பூசிக் காயவைத்தார். இடப்பக்கத்துக்கு வந்தபோது இராஜமாணிக்கம் சாவியோடு ஓடிவந்தார்.

"நகருப்பா, ஜல்தி! பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வண்டிய எடுத்து மலை மந்திர் முருகன் கோயில்ல பூஜை போடணும்."

"இந்தப் பக்கம் இன்னும் பூசல சார். தேய்ச்ச பிளாஸ்டிக்க இப்படியே வுட்டா வெயில் தின்னுடும். ஒரு மணி நேரம் குடுங்க."

"அதான் பளபளன்னு இருக்கே! எனக்கே பாடம் நடத்துறியா?"

வண்டி போய்விட்டது. ராகுவுக்கு நடுங்குகிற மனுஷனுக்குச் சூரியன் ஒரு பொருட்டே இல்லை. படித்த முட்டாள் என்று ஜோதிலிங்கம் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டார்.

செப்டம்பரில் இடப்பக்க விளக்கு மறுபடி மஞ்சளானது. ஜோதிலிங்கம் ஏமாற்றுக்காரன், அவனை கேட்டுக்குள் விடக்கூடாது என்று இராஜமாணிக்கம் வீடு வீடாகச் சொன்னார். அந்த கேட் மூடினால் ஜோதிலிங்கத்தின் வீட்டில் அடுப்பு எரியாது. ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுஜாதா எல்லோரையும் வைத்துக்கொண்டு இராஜமாணிக்கத்தின் காரருகே அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

சுஜாதா குனிந்து இரண்டு விளக்கையும் பார்த்தார். "ஒரே நாள்ல செஞ்சதுதானே? இது மட்டும் எப்படி இவ்வளவு தெளிவா இருக்கு?"

"அது ராகு காலத்துக்கு முன்னாடியே பூசி முடிச்சது மேடம். இதைப் பூச வுடாம சார் வண்டிய எடுத்துட்டாரு."

"பின்ன, ராகு காலத்துல வண்டி எடுக்கச் சொல்றியா?" என்று இராஜமாணிக்கம் கத்தினார்.

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "ஜோதி, நாளைக்கு என் காருக்கு வாங்க," என்றார் சுஜாதா.

மறுநாள் சுஜாதாவின் காரருகே வந்து குழைந்தார் இராஜமாணிக்கம். "அந்த ஒரு பக்கத்தையும் முடிச்சுக் குடுத்துடேன்பா."

ஜோதிலிங்கம் தலைநிமிரவில்லை. "ராகு காலம், எமகண்டம் எல்லாம் பார்த்து எழுதிக்கிட்டு வாங்க சார். நடுவுல ஓடுனா நான் பொறுப்பில்ல."

அது கேலி என்றுகூட அந்த ஆபீசருக்கு உறைக்கவில்லை. ஐந்தே நிமிஷத்தில் காலண்டரைக் கையோடு கழற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.