கேட்டில் நிற்கும் முதல் வண்டி

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடும் மணி கேட்டதும் அம்சவல்லி அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்தாள். கேட்டை ஒட்டிய முதல் தெருவில்தான் வீடு. பொங்கல் பொங்கி வெகு நேரமாகியிருந்தது. தன் மகளுக்குத் தலைப்பொங்கல் சீர் கொண்டுவந்திருந்த தஞ்சாவூர் சம்பந்தி இராஜாங்கம் கூடத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்ள, சோறு ரயில்லயா வருது?"

"விருந்தாளி வரணும் மாமா. அப்புறம்தான் நமக்கு," என்றான் அம்சவல்லியின் மகன் புகழேந்தி.

"அப்ப நான் யாரு?"

"நீங்க வீட்டு ஆளு."

எல்லாம் ஒரு பாட்டால் வந்தது. அம்சவல்லி பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பழம்பாட்டு. புதுநெல் சோறு வெந்ததும், வழியே போகிறவரை யார் எவர் என்று கேட்காமல் அழைத்து இலையில் உட்கார வைக்கும் ஒரு வீட்டைப் பற்றியது. அவர் உண்ட பிறகே வீட்டார் உண்பார்கள். அவள் அப்பாவும் அம்மாவும் பொங்கலன்று பண்ணை வீட்டுக் கொல்லையில் பாத்திரத்தோடு காத்து நின்றவர்கள். பாட்டில் வரும் வீடு தன் வீடாக இருக்க வேண்டும் என்று அந்த வயதிலேயே முடிவு செய்துவிட்டாள். கல்யாணமாகி, அவளும் கணவன் செல்லதுரையும் குத்தகை நிலத்தில் முதல் நெல் கண்ட வருஷமே ஆரம்பித்தார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கேட்டிடம் விட்டுவிட்டாள். மூடியதும் முதலில் நிற்கிற வண்டியில் இருப்பவர்தான் விருந்தாளி. ஒரு வருஷம் வந்து சாப்பிட்ட லாரி டிரைவர் ஜெக்கரியா இன்றும் பொங்கலுக்குப் போன் செய்து, "அக்கா, இந்தத் தடவை யாரு மாட்டுனது?" என்று கேட்பார்.

இந்தத் தடவை மாட்டியது ஒரு வெள்ளைக் கார். உள்ளே சிங்காரவேலுவும் அவர் மனைவி மங்களாம்பிகையும். அம்சவல்லியின் பெற்றோர் காத்து நின்றது இந்தச் சிங்காரவேலு வீட்டுக் கொல்லையில்தான்.

பின்னாலேயே வந்த புகழேந்தி அவள் கையைப் பிடித்தான். "வேணாம்மா. அடுத்தாப்ல பைக்ல ஒருத்தர் நிக்கிறாரு. அவரக் கூப்பிடுவோம்."

"ஆளப் பாத்துக் கூப்பிட்டா நாமளும் அவங்கள மாதிரிதான்டா."

"அவரு வரமாட்டாரு. சம்பந்தி முன்னாடி அசிங்கமாயிடும்."

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் இவரைத் தாண்டி அடுத்தவரை அழைத்தால், இத்தனை வருஷம் செய்ததெல்லாம் வெறும் விளையாட்டு என்றாகிவிடும். போய்க் கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடி இறங்கியது.

"அய்யா, எங்க வீட்ல முதல் இலை உங்களுக்குத்தான். வந்து சாப்பிட்டுப் போங்க."

"அட, அம்சவல்லியா? இப்பதான் சாப்பிட்டோம். ஒண்ணு பண்ணு, ஒரு டப்பால போட்டுக் குடு."

"டப்பால குடுக்கிறதில்லீங்க. உக்காந்துதான் சாப்பிடணும்."

"எங்க சாப்பிட்டோம்?" என்றாள் மங்களாம்பிகை. "காலைலேருந்து ஒரு வாய் காபி. அதுவும் ஆறிப்போனது."

ரயில் போய்விட்டது. கேட் உயர்ந்தது. பின்னால் ஹாரன்கள் ஒரே கூச்சல். மங்களாம்பிகை கதவைத் திறந்து இறங்கினாள்.

"வண்டிய ஓரங்கட்டிட்டு வாங்க. இல்லாட்டி அங்கயே இருங்க. எனக்குப் பசிக்குது."

அவள் இலையில் உட்கார்ந்தாள். சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். வழக்கப்படி வீட்டார் சேர்ந்து பாட்டைச் சொன்னார்கள். புது மருமகள் பாதி வரியில் தடுமாற, மங்களாம்பிகை அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தாள். "நானும் படிச்சேன்ல" என்று சிரித்தாள்.

அவள் கை கழுவும்போது சிங்காரவேலு தெருவில் நின்று, "கிளம்பலாமா?" என்றார்.

அம்சவல்லி படியிறங்கினாள். "விருந்தாளி பந்தி முடிஞ்சிருச்சுங்க. இனிமே வீட்டு ஆளுங்க பந்தி. எங்களோட உக்காருங்க."

அவர் கார்ச் சாவியை உருட்டிக்கொண்டே நின்றார். உள்ளேயிருந்து இராஜாங்கத்தின் குரல் வந்தது: "சார், வர்றதுன்னா சட்டுனு வாங்க. நீங்க உக்காந்தாத்தான் எனக்குச் சோறு போடுவாங்க போலிருக்கு!"

சிங்காரவேலு செருப்பைக் கழற்றினார்.

புகழேந்தி அம்மாவை ஒரு கணம் பார்த்தான். பிறகு இன்னொரு இலையை எடுத்து, தண்ணீர் தெளித்து, தன் இலைக்குப் பக்கத்தில் விரித்தான்.