மகள் விழுங்கிய இரண்டாவது மாத்திரை

எண்பதுகளில் என் மகள் ஸ்டெல்லாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. அதனால் எட்டு வயதிலேயே எலும்பு வலுவிழந்து கால் வளைய ஆரம்பித்திருந்தது. தர்மபுரி டாக்டரம்மா தினம் ஒரேயொரு வைட்டமின் டி மாத்திரை கொடுக்கச் சொன்னார். என் மனைவி எதையும் மறந்துவிடுவாள் என்பது என் அசைக்கமுடியாத நம்பிக்கை. அதனால் சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்ததும் நானே கொடுத்துவிடுவேன்.

மூன்றாவது வாரம் பிள்ளை ஓயாமல் வாந்தி எடுத்தாள். பதறியடித்து, மருந்துச் சீட்டுக்குப் பதில் ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு கம்பைநல்லூரில் மூவரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் டாக்டரம்மாவைத் திட்டினேன். கண்டக்டர் பாவம், அவரும் என்னோடு சேர்ந்து திட்டவேண்டியதாயிற்று.

"மருந்து குடுத்தீங்களா, வெசம் குடுத்தீங்களா?" என்று ஆஸ்பத்திரியில் கத்தினேன்.

டாக்டரம்மா பிள்ளையின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு வந்தார். "கால்சியம் தாறுமாறா ஏறியிருக்கு. மாத்திரை யாருங்க குடுக்கறது?"

"நாந்தானுங்க!" என்றேன். என் மனைவியும் அதையேதான் சொன்னாள்.

"நீ எப்படி குடுத்த? நீதான் மறந்துருவியே!"

"உங்கள நம்பி என்னிக்கு எந்த வேலை ஆயிருக்கு? அதான் தெனம் காலைல நானே குடுத்தேன்."

பெஞ்சில் சுருண்டு கிடந்த ஸ்டெல்லா முனகினாள். "காலைலயே முழுங்கிட்டேன்னு தெனமும் சொன்னேன். பொய் சொல்றேன்னு அப்பாதான் வாயத் தொறந்து போட்டுச்சு."

மாத்திரையை நிறுத்தி, பிள்ளையைப் பல நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து தேற்றினார்கள். மறுபடி ஆரம்பித்தபோது, "இனிமே பாப்பாவக் கேட்டுட்டுக் குடுங்க" என்றார் டாக்டரம்மா. மனைவியை நம்பாததற்கு அவளிடம் ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். தன்னை ஏன் நம்பவில்லை என்று ஸ்டெல்லா மட்டும் இதுவரை கேட்கவில்லை.