வைலே பாலத்தில் நின்ற கார்

இலங்கையில் போர் முடிவதற்கு இரண்டு மாதம் முன்புவரை, ஒன்றரை வருடம், நான் ஒரு தமிழ் வானொலியில் டென்மார்க்கின் வீதி நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது செய்மதி வானொலி, கலையகம் லண்டனில் இருந்தது. வீட்டில் டிஷ் பூட்டித் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்திருந்தால் ஐரோப்பாவின் எந்த மூலையிலும் அதைக் கேட்கலாம். காருக்குள் கேட்க முடியாது. வீதி நிலவரம் சொல்ல இதைவிடப் பொருத்தமில்லாத வானொலி கிடையாது என்பது எனக்குத் தெரியும். கேட்டார்கள், செய்தேன்.

நான் இருந்த வைலே நகரில் எங்கள் சமையலறை யன்னலோரம் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. காலை ஐந்தரைக்கு உள்ளூர் டெனிஷ் நிலையம் வீதி நிலவரம் சொல்லும். எந்த இடத்தில் விபத்து, எங்கே ஒரு பாதையை மூடியிருக்கிறார்கள், ஊருக்குப் பக்கத்திலுள்ள நெடுஞ்சாலைப் பாலத்தில் காற்று எப்படி என்பதையெல்லாம் ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்வேன். ஆறு மணிக்கு லண்டனிலிருந்து தொலைபேசி வரும். இரண்டு நிமிடம் வாசிப்பேன். நான் வாசித்து முடிப்பதற்குள் அந்த நிலவரம் பாதி மாறியிருக்கும். டெனிஷ் நிலையம் அரை மணிக்கு ஒரு தடவை புதிதாகச் சொல்லிக்கொண்டேயிருக்கும். டெனிஷ் விளங்குகிறவர்களுக்கு என்னுடைய தேவை இல்லை.

ஒருநாள் பாரிசிலிருந்து ஒருவர் கலையகத்துக்கு அழைத்து, "வைலே பாலத்திலை காத்தடிச்சா எங்களுக்கென்ன?" என்று கேட்டார். அறிவிப்பாளர் சிரித்துச் சமாளித்தார். எனக்கும் அதே கேள்விதான். ஆனால் எனக்கு நிச்சயமாக ஒரு நேயர் இருந்தார். பிராண்டே என்ற ஊரில் இருந்த ஒரு அண்ணை.

அவர் மன்னார்க்காரர். பாலத்துக்கு அங்கால் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. பதினேழு வருடம் டென்மார்க்கில் இருந்தும் ரேடியோவில் வேகமாகக் கதைக்கும் டெனிஷ் அவர் காதில் பிடிபடவில்லை. ஊர்ச் சங்கக் கூட்டமொன்றில் என் இலக்கத்தை வாங்கியிருந்தார். நான் வாசித்து முடித்த கையோடு அழைப்பார்.

"தங்கச்சி, பாலம் எப்பிடியாம்? முகம் கழுவிக்கொண்டு நிண்டனான், கேக்கேல்லை."

"பாலம் நல்லம் அண்ணை. காத்து மட்டும் கொஞ்சம்."

"அப்ப நான் வெளிக்கிடுறன்."

ஒவ்வொரு நாளும் இவ்வளவுதான்.

போர் முடிந்த வருடம் தை பிறந்ததிலிருந்து, சண்டை நடந்த வன்னியின் நிலை கெட்டுக்கொண்டே போனது. அண்ணையின் அக்கா தன் குடும்பத்தோடு உள்ளே அகப்பட்டிருந்தார். கடைசியாகப் புதுக்குடியிருப்பிலிருந்து யாரோ மூலம் ஒரு சொல் வந்திருந்தது. அதன்பிறகு ஒன்றுமில்லை. பங்குனியில் லண்டன் அறிவிப்பாளர் என்னிடம், "அக்கா, இனி வீதி நிலவரம் வேண்டாம். அந்த நேரத்திலை செத்த ஆக்களின்ரை பெயர் வாசிக்கப்போறம்," என்றார். உள்ளேயிருந்து கிடைக்கிற தொலைபேசி அழைப்புகள் மூலம் வருகிற பெயர்கள், வயது, ஊர். காலை ஆறு மணிக்கு ஒருமுறை, பத்து மணிக்கு மறுபடி.

பெயர்கள் தொடங்கியதும் அண்ணைக்கு வீட்டைவிட்டு வெளிக்கிட முடியாமல் போயிற்று. பட்டியல் முடியும்வரை சப்பாத்தும் ஜக்கெட்டும் போட்டபடி தொலைக்காட்சிக்கு முன்னால் நிற்பாராம். வேலைக்குப் பிந்திப் போனார். கிடங்கில் எச்சரித்தார்கள். ஒருநாள் அழைத்துக் கேட்டார்.

"தங்கச்சி, உனக்கு வேலை மத்தியானம்தானே. எனக்காகக் கேப்பியோ? அக்கான்ரை பெயர் வந்தால் எனக்குப் போன் அடி. எந்த நேரமெண்டாலும் அடி."

ஓம் என்றேன். அன்றிலிருந்து யன்னலோர ரேடியோவை நான் போடவில்லை. செய்மதியில் பெயர்கள் மட்டும் கேட்டேன். அவர் ஒன்பது மணிக்கு இடைவேளையில் அழைப்பார்.

"இண்டைக்கு?"

"இல்லை அண்ணை."

"சரி."

சித்திரையில் ஒரு காலை நல்ல மழை. மழை பெய்தால் செய்மதிச் சத்தம் விட்டுவிட்டுத்தான் வரும். பட்டியலின் நடுவில் அவருடைய அக்காவின் பெயர் வந்தது. முழுப் பெயர், அப்பாவின் பெயரோடு. அதன்பிறகு சத்தம் அறுந்துவிட்டது. வயதும் ஊரும் வரவில்லை. சத்தம் திரும்பியபோது வேறு யாரோ ஒரு பிள்ளையின் பெயர் போய்க்கொண்டிருந்தது.

மணி ஏழு. அவர் ஆறே முக்காலுக்கே வேலை தொடங்கியிருப்பார் என்று நினைத்தேன். பத்து மணிக்கு மறுபடி வாசிப்பார்கள், அதுவரை பொறுத்திருக்கலாம். ஆனால் எந்த நேரமெண்டாலும் அடி என்று அவர் சொன்னதுதான் தலைக்குள் நின்றது. அழைத்தேன்.

"அண்ணை, அக்கான்ரை பெயர் மாதிரி ஒண்டு கேட்டது. வயசு கேக்கேல்லை. அவவா இருக்கவேணுமெண்டில்லை."

அந்தப் பக்கம் கார்க் கண்ணாடித் துடைப்பான்கள் அடிக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவர் இன்னும் வீதியில் நிற்கிறார் என்று விளங்கியது.

"அப்பாவின்ரை பெயரும் சொன்னவையோ?" என்று கேட்டார்.

ஓம் என்றேன். தொடர்பு அறுந்தது.

திரும்பத் திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. பெயர்களைத் தொடர்ந்து கேட்கும் தெம்பு இல்லாமல் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, ஏதாவது ஒரு சத்தம் வேண்டுமென்று யன்னலோர ரேடியோவைப் போட்டேன். ஏழரைக்கு வீதி நிலவரம் வந்தது. பாலத்துக்கு வடக்கே லொறியொன்று சறுக்கியதால் விடியற்காலையிலிருந்தே தெற்கு நோக்கிய பாதையில் நீண்ட வரிசையாம். பழைய வழக்கப்படி ஐந்தரைக்கு அந்த ரேடியோவைப் போட்டிருந்தால் அவர் வரிசையில் நிற்பது எனக்குத் தெரிந்திருக்கும். பிறகு டெனிஷ் அறிவிப்பாளர் அதே அமைதியான குரலில் சொன்னார்: வைலே பாலத்தில் ஒரு கார் நிற்கிறது. ஓட்டுநர் வெளியே இறங்கி நிற்கிறார். வலப்பக்கப் பாதை மூடப்பட்டுள்ளது. பொலிஸ் போய்க்கொண்டிருக்கிறது. முடிந்தவர்கள் நகருக்குள்ளால் போகவும்.

அந்தப் பாலம் கடலுக்கு மேலே எவ்வளவு உயரம் என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். உடனே அந்த நிலையத்துக்கு அழைத்தேன். வீதித் தகவல் கொடுக்கும் இலக்கம் என்னிடம் இருந்தது. ஒரு பெண் எடுத்தாள்.

"பாலத்தில் நிற்கிற அந்த மனிதர் எப்படி இருக்கிறார்?"

"எங்களிடம் வீதி பற்றிய தகவல் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கமாகவா வருகிறீர்கள்?"

"இல்லை."

"அப்படியானால் உங்களுக்குத் தாமதம் இருக்காது," என்றாள் அன்பாக.

எட்டு மணிச் செய்திக்குப் பிறகு பாலம் திறந்துவிட்டது என்றார்கள். அவ்வளவுதான். பாலம் ஏன் திறந்தது, அந்த மனிதருக்கு என்னவாயிற்று என்று யாரும் சொல்லவில்லை. ஒன்பதே முக்காலுக்குத்தான் அண்ணை அழைத்தார்.

"றோட்டுத் தெரியேல்லை தங்கச்சி. அதுதான் நிப்பாட்டினன்."

"ஏன் அண்ணை இறங்கினனீங்கள்?"

"காத்து வேணும்போல இருந்தது," என்றார். பொலிஸ்காரர் அவரைத் தங்கள் வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோய்க் கோப்பி கொடுத்தார்களாம். என்ன நடந்தது என்று கேட்டார்களாம். அவருக்கு அதை டெனிஷில் சொல்லத் தெரியவில்லை.

பத்து மணிக்கு மறுபடி வாசித்தார்கள். மழை விட்டிருந்தது. அந்தப் பெயருக்குரியவருக்கு வயது எழுபத்தொன்று, ஊர் வேறு. அண்ணையின் அக்காவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. உடனே அழைத்துச் சொன்னேன். அவர் அழுதார். பிறகு, "அப்ப உயிரோடை இருக்கிறாவோ?" என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிராண்டேக்குப் போனேன். அண்ணை மேல்மாடியில் படுத்திருந்தார். அவருடைய மனைவி தேத்தண்ணி தந்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தார். மெலிந்த, மெதுவாகப் பேசும் பெண்.

"உங்களிலை பிழையில்லை," என்றார். "ஆனா இனி அந்தப் பெயருகளைப் பற்றி அவருக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. எனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு."

"அவர் கேட்பாரே."

"இல்லையெண்டு சொல்லுங்கோ."

தலையாட்டினேன். திங்கட்கிழமை காலை வழக்கம்போல இருந்து பட்டியலைக் கேட்டேன். அக்காவின் பெயர் இல்லை. செவ்வாயும் கேட்டேன். புதன்கிழமை பட்டியல் தொடங்கியது. பெயர் வந்தால் தெரிந்துகொண்டே அவருக்குப் பொய் சொல்லவேண்டும். வராவிட்டால் நாளைக்கும் இதே. பெட்டியை நிறுத்தினேன். ஒன்பது மணிக்கு அழைத்தார்.

"இண்டைக்கு?"

"இல்லை அண்ணை."

அதன்பிறகு நான் ஒருநாளும் பட்டியலைக் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் இல்லை என்று சொன்னேன். வைகாசி நடுப்பகுதிவரை, நாலு கிழமை. அந்த நாலு கிழமையில்தான் பட்டியல் நீண்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு மணித்தியாலம் வாசித்தும் முடியாத நாட்கள் இருந்தனவாம். பிறகு போர் முடிந்துவிட்டது என்று டெனிஷ் நிலையம்கூட ஒரு வரியில் சொன்னது.

ஆனியில் லண்டனிலிருந்து, வீதி நிலவரத்தைத் திரும்பத் தொடங்குவோமா என்று கேட்டார்கள். முடியாது என்றேன். வாசித்த பெயர்களை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"துண்டுத் துண்டுக் கடதாசியிலை எழுதினது அக்கா. கனக்கவாக் குவிஞ்சுபோச்சு. எறிஞ்சிட்டம்," என்றார் அறிவிப்பாளர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

காணாமற்போனவர்களைத் தேடும் அமைப்பொன்றுக்கு அண்ணைக்காக நான்தான் டெனிஷில் படிவம் நிரப்பினேன். ஒரு வருடம் கழித்துப் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவரே வைலேக்கு வந்தார். சமையலறை மேசையில் வைத்து வாசித்துச் சொன்னேன். எந்தத் தகவலும் கிடைக்கவில்லை, தேடலை இத்துடன் முடிக்கிறோம், வருந்துகிறோம்.

இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இவைக்கென்ன தெரியும்," என்றார். "நீ ஒருநாளும் விடாமல் கேட்டனி. உன்ரை காதிலை படேல்லையெண்டால் அவ செத்திருக்கமாட்டா. என்ன தங்கச்சி?"

"ஓம் அண்ணை," என்றேன்.

அவர் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு பின்னேர வேலைக்குப் போனார்.