பரோட்டாப் பாட்டு

நான் டைபாய்டில் கிடந்து, முருகன் கிருபையால் பிழைத்தெழுந்த வருஷம் அது. எனக்காக ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுப்பதாக நைனா வேண்டிக்கொண்டிருந்தார். சென்னையில் கல்யாணக் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த மாமா, என் அம்மாவின் தம்பி, ஒரு வாரம் முன்னதாகவே அந்தப் பெட்டியோடும் பை நிறைய கேசட்டோடும் திருத்தணிக்கு வந்து இறங்கினார். காவடிக்கு முன்னால் தாம் வாசித்தே தீருவது என்று முடிவு கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

கேசட்டில் இருந்தவை இங்கிலீஷ் பாட்டுகள். ஒரு பாட்டு முடிவதற்குள் அம்மா சோறு வடித்துவிடுவாள். கிடாரும் டிரம்முமாக இரைந்துகொண்டே போய், நடுவில் திடீரென்று சர்ச்சில் கேட்பதுபோல ஆர்கன் எழும்பும். முந்நூறு வருஷத்துப் பழைய சங்கீதமாம் அது. வெள்ளைக்காரப் பையன்கள் அதை எடுத்துத் தங்கள் பாட்டுக்குள் வைத்துக்கொண்டார்களாம். அப்புறம் எத்தனையோ காலத்துச் சங்கீதம் வந்தும் மாமாவுக்கு அந்தக் காலம்தான் உசிர்.

“பரோக் காலம் பாவா. ஒரு மெட்டு முன்னால ஓடும். அது முடியறதுக்குள்ள அதே மெட்டு பின்னால தொரத்திகினு வரும். அதுக்கும் பின்னால இன்னொண்ணு” என்று நைனாவுக்கு விளக்கினார்.

“பரோட்டா காலமா?” என்றார் நைனா, தறியை நிறுத்தாமலே. “மூணு பேரு ஒரே நேரத்துல கத்துனா அது சண்டைடா. சாமி யாரு பேச்சைக் கேப்பாரு?”

அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பரோட்டாப் பாட்டு என்றே பெயர். மாமா அசரவில்லை. அரோகரா கோஷத்தையே மெட்டாக்கித் தினமும் வாசித்தார். கேட்க நான் ஒருத்திதான். “தொரத்துது பாரு, தொரத்துது பாரு” என்று கண்ணை உருட்டுவார். எனக்கும் காது பழகிவிட்டது.

கிருத்திகையன்று அடிவாரத்தில் காவடியைத் தோளில் ஏற்றும்போது நைனா திரும்பினார்.

“வேணாம்டா. இது பொண்ணுக்காக எடுக்கற காவடி. சர்ச்சுப் பாட்டை இதுல கலக்காத.”

“நானும் அவளுக்காகத்தான் வேண்டிகினேன் பாவா.”

நைனா காவடியோடு முதல் படியில் கால் வைத்தார். மாமா பெட்டியை டீக்கடையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு படியேறினார்.

பாதி மலையில் ஒரு திருப்பம். மேலே போன கூட்டம் “கந்தனுக்கு” என்று இழுத்தது. அது அரோகராவில் முடிவதற்குள் எங்கள் கூட்டம் ஆரம்பித்தது. நாங்கள் முடிப்பதற்குள் கீழே ஒரு கூட்டம்.

“மாமா, தொரத்துது!” என்று கத்தினேன்.

மாமா அப்படியே நின்றார். பிறகு கைப்பிடிச் சுவரில் ஏறிக்கொண்டு கையை உயர்த்தினார். மேலே கோஷம் பாதி வந்ததும் எங்களைப் பார்த்துக் கையை வீசுவார். நாங்கள் பாதி போனதும் கீழே இருப்பவர்களுக்கு. கோயில் ஆள் என்று நினைத்தார்களோ என்னவோ, அத்தனை ஜனமும் அந்தக் கைக்குக் கட்டுப்பட்டது. மலையே பாடியது. காவடிக்கடியில் நைனா கண்ணை மூடி ஆட ஆரம்பித்தார். நடுவில் அவர் குரல் கேட்டது.

“கையை எறக்காதடா!”

எல்லாம் ஓய்ந்தபின் மாமா படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். நான் போய் அவர் தோளைத் தொட்டேன்.

“அழாத மாமா. பொட்டி கீழ பத்திரமா இருக்குது.”

பெட்டிக்காகத்தான் அழுகிறார் என்பதில் எனக்கு அன்று சந்தேகமே இல்லை.