தேவியின் ஊசி மருந்தும் என் வாய்ப்பழக்கமும்

மருந்துக் கடைக்குள் யாரும் சிரித்துக்கொண்டே நுழைவதில்லை. கவுண்டருக்கு உள்ளே நிற்கிறவனும் பயந்துகொண்டுதான் நிற்கிறான் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பார்மசியில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வெள்ளைக் கோட்டைப் போட்டதுமே கேள்விகள் தொடங்கிவிடும். மாத்திரை மாறிப்போயிருந்தால்? மருந்தளவில் தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப்போயிருந்தால்? வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும்போதும் ‘சரியாகத்தான் கொடுத்தேனா?’ என்று யோசிக்கும் தொழில் சகோதரர்களே, இது உங்களுக்காக எழுதுவது. இனி வரும் சிறு துண்டுகள் எல்லாமே ஒரு சிறுமியைப் பற்றியவை.

பவுடர் டின்

கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் சரஸ்வதி அக்கா, மகள் தேவியோடு முதல் தடவை வந்தபோது தேவிக்கு ஐந்து வயது. மூன்று வயதுக் குழந்தையின் உயரம்கூட இல்லை. தலை பெரியது, கைகால்கள் குட்டை, கண்கள் மட்டும் கடை முழுவதையும் அளந்துகொண்டிருந்தன. வரிசையில் நின்ற ஓர் ஆன்டி, “ஏம்மா, பிள்ளைக்கு ஒழுங்கா சாப்பாடு போடலையா?” என்று கேட்டார். அக்கா அலமாரியில் ‘உயரமாக வளர’ என்று படம் போட்டிருந்த பவுடர் டின்னைக் காட்டி, அதில் இரண்டு வேண்டும் என்றார்.

டின்னை எடுத்தேன், ஆனால் கொடுக்க மனசு வரவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு தாளை நீட்டினார். அகோண்ட்ரோபிளேசியா என்று எழுதியிருந்தது. பிறவியிலேயே வருவது, கைகால் எலும்புகள் நீளமாக வளர முடியாத நிலை, சாப்பாட்டுக் குறையால் வந்தது இல்லை, இந்தப் பவுடர் ஒரு நெல்லளவுகூட உயர்த்தாது என்று மெதுவாகச் சொன்னேன். அக்கா டின்னைப் பார்த்தார், என் கோட்டைப் பார்த்தார்.

“இல்லைன்னு சொல்றதுக்காகவா தம்பி யுனிவர்சிட்டி வரைக்கும் போய்ப் படிச்சீங்க?”

ஐஸ் பெட்டியில் வந்தது

அடுத்த வருடம் அக்கா மறுபடி வந்தார், இந்தத் தடவை ஒரு சிறப்பு மருத்துவரின் சீட்டோடு. வளர்ச்சி ஹார்மோன் ஊசி. தினமும் தோலுக்கடியில் போட வேண்டும். டாக்டர் எதையும் மறைக்கவில்லை: இது இந்த நிலைமைக்கென்று செய்த மருந்து இல்லை, சில பிள்ளைகள் கொஞ்சம் வேகமாக வளர்கிறார்கள், சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை, ஆறு மாதம் போட்டு அளந்து பார்ப்போம், வித்தியாசம் இல்லையென்றால் நிறுத்திவிடுவோம், நடுவில் கழுத்தையும் முதுகுத்தண்டையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு மாதம், ஒரே ஒரு வாய்ப்பு. அக்கா அதை மனப்பாடமாக ஒப்பித்தார்.

மருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. எங்கள் கடையில் அதற்கு முன் யாரும் அதைத் தொட்டதில்லை. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு உள்ளே இருந்த தாளைப் படித்தேன். பிறகு அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தேன்: ஃபிரிட்ஜில் வைக்கணும், ஐஸ் கட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. குப்பியில் இருக்கும் தூளில், கூடவே வந்திருக்கும் இந்தத் தண்ணீரை ஊசியால் ஏற்றிக் கலக்கணும். ஒரு குப்பி இரண்டு மூன்று நாள் வரும். இன்றைக்குத் தொடையில் என்றால் நாளைக்கு வயிற்றில். ஊசியைப் பிடித்துக் காட்டும்போது தேவி என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஊசி எனக்குத்தானே? ஏன் இந்த அண்ணன் கை நடுங்குது?”

கண் சொட்டு

மூன்று வாரம் கழித்து ஒரு டாக்ஸிக்கார அண்ணன் கண் சொட்டு மருந்து வாங்க வந்தார். கொடுத்தேன். கூடவே என் வாய் தானாக, “நல்லா குலுக்கிட்டுப் போடுங்க” என்றது.

இது உங்களுக்குப் புரியும். பிள்ளைகளுக்கு வரும் ஆன்டிபயாடிக் தூளில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும்போது சொல்கிறோம், இருமல் மருந்துக்குச் சொல்கிறோம், வயிற்றெரிச்சல் மருந்துக்குச் சொல்கிறோம். பாட்டிலைக் கையில் கொடுத்தாலே வாய் சொல்லிவிடும், மூளை பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. அந்தக் கணத்தில்தான் தேவியின் மருந்துத் தாளில் படித்த வரி ஞாபகம் வந்தது: குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்ட வேண்டும், குலுக்கி நுரைத்தால் மருந்து கெட்டுப்போகலாம். அக்காவிடம் உருட்டச் சொன்னேனா? குப்பியை நீட்டும்போது வழக்கம்போல் குலுக்கச் சொன்னேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. டாக்ஸிக்கார அண்ணன் சொட்டு மருந்தைத் தூக்கிப் பார்த்தார்.

“இது கண்ணுக்கு ஊத்துறது லா பாஸ். குலுக்குறதுக்கு என்ன, ரோஸ்மில்க் கலக்குற பண்டோங் சிராப்பா?”

முதலாளி

கடை முதலாளி திரு. நடேசன் யாழ்ப்பாணத்துப் பரம்பரை; என் அப்பா வயது; அவரும் பார்மசிஸ்ட்தான். அவரிடம் போய்ச் சொன்னேன். அக்கா வீட்டில் போன் இல்லை, நேரில் போய்த்தான் கேட்க வேண்டும், தப்பு நடந்திருந்தால் டாக்டரிடமும் சொல்ல வேண்டும் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார். நான் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆறு மாதம் முடியும், தேவி வளர்ந்திருக்க மாட்டாள், மருந்து அவளுக்கு ஒத்துவரவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“சொன்னீரோ இல்லையோ எண்டு உமக்கே தெரியாது. தெரியாத பிழையை ஏன் தம்பி கிள்ளான் வரைக்கும் கொண்டுபோய் ஒப்புக்கொள்ளப் போறீர்?”

நூறு

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். கடையின் மருந்துப் பதிவுப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்த முகவரியை வைத்துக்கொண்டு விசாரித்து, அந்தப் பலகை வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கணவர் லோரி எடுத்துக்கொண்டு ஜொகூர் போயிருந்தார். அக்காவுக்கு என்னைப் பார்த்ததில் ஒரே சந்தோஷம். ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். நடுத்தட்டில் பிஸ்கட் டின், அதற்குள் வெள்ளைத் துணி, துணிக்குள் குப்பிகள். நான் சொன்னதில் ஓர் எழுத்துகூட அவர் மீறவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

“எப்படிக் கலக்குறீங்கன்னு ஒரு தடவை காட்டுங்க அக்கா” என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் எடுத்துக்கொடுத்து அவர் சமாளித்துவிடக் கூடாது. அன்றைக்குப் புதுக் குப்பி திறக்கும் நாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், தண்ணீரை ஏற்றினார், குப்பியைத் தோளுக்கு மேலே தூக்கினார். தேவி ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு...” என்று அவள் எண்ண எண்ண, அக்கா பலங்கொண்ட மட்டும் குலுக்கினார். ஏழு வருவதற்குள் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். குப்பிக்குள் வெள்ளையாக நுரை.

குலுக்கக் கூடாது, உருட்ட வேண்டும், நான் தப்பாகச் சொல்லியிருக்கலாம் என்றேன். “சொல்லியிருக்கலாம் இல்ல தம்பி, சொன்னீங்க” என்றார் அக்கா. “நல்லா குலுக்குங்க அக்கான்னு சொன்னீங்க. சரியா கலக்கலைன்னா பிள்ளை வளராம போயிடுமேன்னு நான்தான் நூறு தடவைன்னு வச்சேன்.” பிறகு குப்பியை மேசையில் வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

“இவ நூறு வரைக்கும் எண்ணப் படிச்சதே இதுலதான் தம்பி.”

கடைத் தாள்

மறுநாள் கவுண்டர் ஓரத்தில் உட்கார்ந்து டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். என்ன சொன்னேன், அவர்கள் எப்படிக் கலக்கினார்கள், எத்தனை நாள், எல்லாவற்றையும். மூன்று தாளைக் கசக்கி எறிந்தாகிவிட்டது. நான்காவது தாளை எடுக்கும்போது நடேசன் பின்னால் வந்து நின்றார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் இழுப்பறையைத் திறந்து, கடைப் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை என் முன்னால் வைத்தார்.

“வெறுந்தாளில எழுதினா உம்மட பிழை மட்டுந்தான் போகும். பெட்டிக்குள்ள இருந்த மருந்துத் தாளை நானும் வாசிக்காமத்தானே மருந்தை அனுப்பினனான். இதில எழுதும்.”

முதல் நாள்

அக்காவோடும் தேவியோடும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஒரு மலாய்க்கார அம்மா. கடிதத்தை இரண்டு தடவை படித்தார். இவர்களை நம்பி இந்த மருந்தைக் கொடுக்க முடியாது, நிறுத்திவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க முடியாது. அக்காவின் கை தேவியின் சட்டைக் காலரைப் பிடித்தபடியே இருந்தது.

குலுக்கிய மருந்து கெட்டதா இல்லையா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். தேவியை அளவுப் பலகையில் நிறுத்தி மறுபடி அளந்தார். கோப்பில் இருந்த பழைய தேதியைக் கோடு போட்டு அடித்தார். அக்காவுக்குப் புரியும்படி மலாயிலேயே சொன்னார்.

“இதுவரைக்கும் போட்டது கணக்கில் இல்லை, ஆறு மாதம் இன்றைக்குத்தான் தொடங்குகிறது, இப்போது நீங்களும் பார்மசிஸ்டும் என் முன்னால் உருட்டிக் காட்டுங்கள்.”

தெரியலை

அந்த ஆறு மாதத்தில் தேவி, அதற்கு முந்தைய ஆறு மாதத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்திருந்தாள். கொஞ்சம்தான். இன்னும் ஆறு மாதம் தொடரலாம் என்றார் டாக்டர். போகப்போக இந்த வேகம் குறையலாம் என்றும் எச்சரித்தார். அக்கா அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்தார். அடுத்த பெட்டியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார், ஆனால் போகவில்லை.

“தம்பி, இது மருந்தாலயா, இல்ல அவளே வளர்ந்தாளா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? நடேசன்கூடப் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “தெரியலை அக்கா” என்றேன். “டாக்டருக்கும் உறுதியாத் தெரியாது.” அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு தேவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பரவால்ல லா தம்பி. நீங்க தெரியலைன்னு சொன்னா, அது நெசமாவே யாருக்கும் தெரியாததாத்தான் இருக்கும்.”

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த நற்சான்று எனக்கு ஒன்றும் தெரியாது என்பதற்குத்தான், அதையும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வழியில்லை.