முகம் பார்த்து விட்ட சொட்டு

எங்க அண்ணிக்கு மூக்கு இருக்கறது மூக்குத்தி போடத்தான். ஒரு காய்ச்சல்ல வாசனை போச்சு, திரும்பி வரவே இல்ல. வீட்டுல பால் தீஞ்சாலும் நான்தான் ஓடணும். அப்படிப்பட்டவங்களுக்கு வேலை என்ன தெரியுமா? புதுப்பிச்ச பழைய மாளிகையில அறைக்கு அறை வாசனை வைக்கிறது! காய்ச்சலுக்கு முன்னாடியே சேர்ந்த வேலை. விஷயம் தெரிஞ்சா போயிடும்னு பயந்து, என்னைத் தவிர யார்கிட்டயும் மூச்சு விடல.

அந்தக் காலத்துல வீடு எப்படி மணந்திருக்குமோ அப்படியே இப்பவும் மணக்கணுமாம். சமையலறைக்கு விறகுப் புகை, நூலகத்துக்குத் தோல் அட்டை, மாடிக் கூடத்துக்கு ஆரஞ்சுத் தோல். எல்லாம் குப்பியில வர்ற எண்ணெய்தான். தட்டுல பஞ்சு வச்சு சொட்டுச் சொட்டா விடணும். திறப்பு விழாவுக்குத் தோரணம் கட்ட என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. எனக்குத் தோரணமா முக்கியம்? இவங்க எப்படி அளக்குறாங்கன்னு தெரியலைன்னா தலை வெடிச்சிடும் போல இருந்தது.

ஒரு சொட்டு விட்டுட்டு, அந்தப் பக்கம் வர்ற ஆளோட முகத்தைப் பாப்பாங்க. நெத்திச் சுருக்கம் மறைஞ்சா சரி. கை மூக்குக்குப் போனா பஞ்சைப் பிழிஞ்சிடுவாங்க. சந்தேகம் வந்தா, என்ன வாசனை வருதுன்னு சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க. பாராட்டுக்கு அலையறாங்கன்னு கூட வேலை செய்யறவங்க பேசிக்கிட்டாங்க. பேசற வாயை மூட முடியுமா?

விழா அன்னிக்கு மாடிக் கூடம் முழுக்கக் காகிதப் பூ, நடுநடுவே சர விளக்கு. நாங்க கீழ இருந்தோம். மேனேஜர் இறங்கி வந்து, "மாடியில அடுப்புப் புகை வாசனை பிரமாதம்மா" அப்படின்னார்.

அண்ணி முகம் வெளிறிப் போச்சு. படியில ஒரே ஓட்டம். பின்னாடியே நானும் மேனேஜரும். மேல விருந்தாளிங்க கண்ணை மூடி இழுத்து இழுத்து மோந்துக்கிட்டிருக்காங்க. ஒரு பல்பு மேல சாஞ்ச காகிதப் பூ கருகிச் சுருண்டுக்கிட்டிருந்தது. அண்ணி பிளக்கைப் பிடுங்கி, தோரணத்தை இழுத்துப் போட்டு மிதிச்சாங்க.

"இங்க நான் வச்சது ஆரஞ்சுங்க" அப்படின்னாங்க மேனேஜர்கிட்ட.

அவர் யோசிச்சார். இப்பத்தானே இங்க வந்து பஞ்சு மாத்திட்டுப் போனீங்க, அப்பவே கருகல் வாடை வந்திருக்குமேன்னு கேட்டார். ஜலதோஷம்னு சொல்ல நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டாங்க.

"எனக்கு வாசனையே தெரியாதுங்க. முகத்தைப் பாத்துதான் விடறேன்."

போச்சு, வேலை போச்சு. மேனேஜர் எங்களைக் கீழ சமையலறைக்குக் கூட்டிட்டுப் போனார். தட்டுப் பக்கத்துல நின்னு மூச்சை நல்லா இழுத்தார். அப்புறம் அண்ணி பக்கம் திரும்பினார்.

"என் முகத்தைப் பாருங்க. போதுமா?"

அண்ணிக்குக் கண்ணு நிறைஞ்சிடுச்சு. முந்தானையால துடைச்சுக்கிட்டு, உத்துப் பாத்தாங்க.

"இன்னும் ரெண்டு சொட்டு வேணும்" அப்படின்னாங்க.